பொத்தானுக்கு ஒரு போராட்டம்

வாலே பேராண்டி, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படிக் கோணிக் கெடக்கு? ஜிமெயில்ல பொத்தானை இடம் மாத்திட்டானா? அடப் பாவமே! ஊரைக் கூட்டி ஒப்பாரி வச்சிர வேண்டியதுதான்.

நீ மட்டுமா? 2013 அக்டோபர்ல யாஹூக்காரன் மெயிலோட முகத்தை மாத்தி, மேல வரிசையா நின்ன டேப்பைத் தூக்கிட்டான். பழசைத் திருப்பிக் குடுன்னு மனுவுல கையெழுத்து குமிஞ்சு போச்சு. 2019 ஏப்ரல்ல கூகுள்காரன் 'இன்பாக்ஸ்'ங்கிற மெயில் செயலிக்கு மூடுவிழா நடத்தினான். அதுக்கும் மூக்கைச் சிந்தினாக. இதே ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்னைக்கு 1 ஜிபி இடம் சும்மா தாரேன்னப்போ, முட்டாள் தினத்துப் புளுகுன்னு சிரிச்ச ஆளுகளும் உண்டு. அப்போ ஹாட்மெயில் குடுத்தது வெறும் 2 எம்பி. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாக. நீ வாலுல முடி கொறைச்சல்னுல்லா பிராது குடுக்கே!

முழு ஓசின்னும் சொல்லமாட்டேன். உன் கடுதாசியைத் துழாவித்தான் கூகுள்காரன் ரொம்பக் காலம் விளம்பரம் போட்டான்; 2017லதான் இனி மாட்டேன்னான். அதுக்கு வராத கோவம் உனக்குப் பொத்தானுக்கு வருது பாரு, அதைத்தான் ரசிக்கேன்.

பழைய பேப்பர் சங்கதியைக் கேளு. 2008ல கூகுள்காரன் அந்தக் காலத்துப் பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணிப் போட ஆரம்பிச்சான். 2011 மே மாசம் போதும்னு கையை உதறிட்டான். ஏத்தினது கெடக்கு; தேடி எடுக்கத்தான் பெரும்பாடு. அன்னைக்கு உன் சத்தத்தையே காணலியே? நியூயார்க் டைம்ஸ் 2007ல, 1987க்குப் பிறகு வந்ததையெல்லாம் சும்மா படின்னு தெறந்து விட்டுச்சு. 2011ல மாசம் 20 கட்டுரைக்கு மேல துட்டு வைய்யின்னது; அடுத்த வருசமே 10ன்னது. அப்போ மட்டும் அநியாயம்னு குதிச்சே. எழுதுனவனுக்குச் சம்பளம் உங்கப்பனா குடுப்பான்?

ரெண்டு வருசம் எட்டிப் பாக்காத கணக்கை 2023 டிசம்பர்ல இருந்து அழிப்பேன்னு கூகுள் முன்கூட்டியே தண்டோரா போட்டுச்சு. செத்துப்போன உங்க பெரியப்பன் கணக்குல அவன் கல்யாணப் படம் கெடந்துச்சே, எறக்கி வச்சியா? முழிக்காதே. நிறத்துக்கும் பொத்தானுக்கும் தொண்டை கிழியக் கத்துத. சொத்து போறப்போ குறட்டை விடுத.

சரி, கெழவன் சொல்லுதேன், கேட்டா கேளு. 'டேக்அவுட்'னு கூகுளே ஒரு வழி வச்சிருக்கான்; அதுல மெயிலையும் படத்தையும் எறக்கி வீட்டு ஹார்ட் டிஸ்க்ல போடு. பழைய செய்தி கண்ணுல பட்டா, சுட்டியை நம்பாதே. பக்கத்தைச் சேமிச்சு, பத்திரிகை பேரும் தேதியும் மேல எழுதி வைய்யி. நல்ல பத்திரிகைன்னா சந்தா கட்டு, கை தேஞ்சு போகாது.

அதுக்கு முந்தி உன் பெட்டியைத் தெற. 15 ஜிபியும் ரொம்பிட்டுன்னு செவப்புல எழுதியிருக்கா? அதுல பாதி, நீ வாங்காத சட்டைக்குத் தள்ளுபடி விளம்பரம்லா! அதை மொதல்ல கூட்டிப் பெருக்கு. கூகுள்காரனை நாளைக்குத் திருத்துவோம்.