கணக்கறிந்த வள்ளல்

கடையெழு வள்ளல்களைப் பாடிய புலவர்கள் மீது அடியேனுக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கொடுக்கத் தெரிந்தவர்களைப் பாடினார்களே அன்றி, கொடுக்கும் முறை தெரிந்தவர்களைப் பாடினார்களில்லை. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனான். முந்தின காலாண்டில் அந்தக் கொடி எத்தனை பூப் பூத்தது, தேரேறும் தகுதி அதன் ரகத்துக்கு உண்டா என்று ஒரு வார்த்தை விசாரித்தானா? குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன், அம்மயில் ஆண்டுக் கட்டணம் செலுத்தியதுதானா என்று சரிபார்த்தானா? நிர்வாகம் அறியாத காலம், பொறுத்தருள்வோம்.

அக்குறை தீர்க்க வந்துதித்த பெருந்தகையே மாட்சிமை தங்கிய கிரெடிட் கார்டு அவர்கள். அவர்தம் கொடைகளுள் தலையாயது விமான நிலைய லவுஞ்சு. அதன் புகழை முற்றச் சொல்ல ஆதிசேடனுக்கும் நாவு போதாது.

லவுஞ்சின் தொடக்கம் அத்தனை பெருமைக்குரியதன்று. 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ‘அட்மிரல்ஸ் கிளப்’ என்ற பெயரில் ஒரு கூடத்தைத் திறந்தது. கம்பெனியே பார்த்து அழைத்தவர்களுக்கு மட்டுந்தான் அனுமதி. எத்துணைக் குறுகிய உள்ளம்! நாலு பேர் சாய்ந்து உட்கார, நாடெல்லாம் வெளியே நிற்பதா? நம் வள்ளல் அந்த அநீதியைத் துடைத்தெறிந்தார். இந்தியாவில் புழங்கும் கிரெடிட் கார்டுகள் 2024-இலேயே 10 கோடியைக் கடந்துவிட்டன. ‘தங்களுக்கே உரிய தனிச்சலுகை’ என்று அத்தனை திசைக்கும் ஒரே நேரத்தில் ஓலை அனுப்பிய பெருந்தன்மை எந்தப் பேரரசருக்கு வாய்த்தது? விடியற்காலை விமானங்கள் புறப்படும் வேளையில் எந்தப் பெருநகர விமான நிலையத்துக்கும் சென்று அதன் பயனைக் கண்குளிரக் காணலாம். விமானத்தில் ஏற நிற்கும் வரிசையைவிட லவுஞ்சில் நுழைய நிற்கும் வரிசை நீண்டு கிடக்கும். கூட்டத்திலிருந்து தப்பிக்க இத்தனை பேர் ஒன்றாகக் கூடிய அருங்காட்சி உலகில் வேறெங்கும் இல்லை.

வள்ளலின் தத்துவ ஞானமோ அதனினும் ஆழமானது. முற்பிறவியில் செய்த வினை இப்பிறவியில் வந்து சேரும் என்று முன்னோர் சொன்னதை நாம் பாதி நம்பிப் பாதி மறந்திருந்தோம். வங்கிகள் அதை மீண்டும் நிலைநாட்டின; ஒரு பிறவி என்ற நீண்ட காத்திருப்பைக் கருணையோடு மூன்று மாதமாகக் குறைத்தன. 2023 டிசம்பர் முதல் ஹெச்டிஎஃப்சி வங்கியின் ரெகாலியா கார்டுக்கு ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் உள்நாட்டு லவுஞ்சு. ஐசிஐசிஐ வங்கி தன் கார்டுகள் பலவற்றுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று வரம்பு வகுத்தது. அடியார்களின் பக்குவம் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கிற்று. தை, மாசி, பங்குனியில் செலவழித்த புண்ணியம் சித்திரையில் பொங்கலாகவும் வடையாகவும் பலிக்கிறது. புண்ணியம் போதாதவரைச் சித்திரகுப்தன் கணினியின் பின்னிருந்து அன்போடு திருப்பி அனுப்புகிறான்: “லாஸ்ட் குவார்ட்டர் ஸ்பெண்ட் கம்ப்ளீட் ஆகல சார். வேற கார்டு ஏதாச்சும் இருக்கா?” பின்னால் நிற்கும் முப்பது பேருக்கும் கேட்கும்படி ஒருவரின் மூன்று மாதத்து நடத்தையை அறிவிக்கும் இந்த வெளிப்படைத் தன்மையை அரசாங்கங்களும் கற்றுக்கொள்ளலாம்.

அந்த அவமானம் யாருக்கும் நேரக்கூடாதென்று வள்ளல் காலாண்டின் கடைசி வாரத்தில் நமக்கு நினைவூட்டுகிறார். இன்னும் 11,000 ரூபாய் குறைகிறது என்று தெரிந்ததும் குடும்பத்தலைவர் பதறி எழுகிறார். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மிக்சிக்கு ஒரு தங்கை வருகிறாள். ஒரு தட்டு உப்புமாவை இலவசமாக உண்ணும் பொருட்டு ஒருவர் இத்தனை பொறுப்போடு வாழ்வதை எந்த அறநூலும் இதுகாறும் சாதித்ததில்லை.

இந்த அறம் முழுமை பெற்றிருப்பது அமெரிக்காவில். அட்லாண்டாவில் கோலோச்சும் டெல்டா விமான நிறுவனம், ஆண்டுக்கு 650 டாலர் காணிக்கை செலுத்தும் தன் ரிசர்வ் கார்டு அன்பர்கள் லவுஞ்சுக்கு ஓயாமல் வருவதைக் கண்டு கவலையுற்றது. கொடுப்பதாகச் சொன்னதை நம்பி மக்கள் வாங்கவே வந்துவிட்டால் எந்த வள்ளல்தான் தாங்குவார்? 2025 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 10 முறைதான் என்று 2023-இல் அறிவித்தது; குடிகளின் ஓலம் கேட்டு மனமிரங்கி 15 நாளாக்கியது. வரம்பில்லாமல் வர விரும்புவோர் ஆண்டில் 75,000 டாலர் செலவழித்தால் போதும். இங்கே ரூபாயிலும் அங்கே டாலரிலும் 75,000 என்ற ஒரே எண் திருவுளத்தில் தோன்றியதைக் கண்டு மெய்சிலிர்க்காதவர் யார்? டெல்டாவின் மைல்களை மொத்தமாக வாங்கிக் கார்டு அன்பர்களுக்கு அளந்து தரும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், அதற்காக 2024-இல் டெல்டாவுக்குத் தந்தது ஏறத்தாழ 740 கோடி டாலர். அவ்வாண்டு டெல்டாவின் நிகர லாபமே சுமார் 350 கோடி. விமானம் ஓட்டுவது கார்டு விற்பதற்குச் செய்யும் விளம்பரச் செலவு என்ற உயர்ந்த நிலையை அந்நிறுவனம் எய்திவிட்டது. வாழ்க!

இனி, வாசல் கடந்து உள்ளே எழுந்தருள்வோம். கார்டைத் தேய்த்தால் பெரும்பாலும் 2 ரூபாய்தான் பிடித்தம். அந்த 2 ரூபாய்க்குள் வைகுந்தமே விரிகிறது. சூடு முதலிய பற்றுகளைத் துறந்த இட்லிகள். தன் நிறத்தைக் கொண்டு தன்னைக் காப்பி என்று நிரூபிக்க முயலும் பானம். நாற்காலிக்கு ஒரு பை, பைக்குக் காவலாக ஒரு மனிதர். மதுரைக்கு ஒரு மணி நேரத்தில் பறப்பதற்காக, அம்மா சுட்ட தோசையை மறுத்துவிட்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே அன்பர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பசியில்லாதவர்களும் மூன்றாவது தட்டை ஏந்தும் அந்த ஊக்கத்தைக் காணும்போது, இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று கல்லூரிகளில் பட்டிமன்றம் பேசுவோர் எவ்வளவு தவறாகச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

இத்தகைய புண்ணிய பூமியில் ஓர் அபசாரமும் நடந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்று ஒன்றைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய், காப்பி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய். என்ன கார்டு, எந்தக் காலாண்டு என்று ஒன்றும் கேட்பதில்லை. காசைக் கொடுத்தால் டீயைக் கொடுத்துவிடுகிறார்கள்! தகுதியே பாராமல் தாகம் தீர்ப்பதா? பக்கத்தில் நிற்பவரைவிட நாம் மேலானவர் என்ற நிம்மதி துளியும் கலக்காத டீயை மனிதன் எப்படிக் குடிப்பான்?

நிறைவாக, இப்பெருவிருந்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்று சில அற்பர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு தலைக்கும் வங்கி லவுஞ்சுக்காரர்களுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கிறதே, எங்கிருந்து வருகிறது? நாம் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் மளிகைக்கடைக்காரருக்கு 2 சதவீதம் அளவுக்குக் கழித்துக்கொண்டே பணம் வந்து சேர்கிறது. அதை அவர் விலையில் ஏற்றும்போது, ரொக்கம் எண்ணிக் கொடுத்துப் பருப்பு வாங்கும் பாட்டியும் நம் விருந்துக்குத் தன் பங்கைச் செலுத்துகிறாள். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, பதிலுக்கு ஒரு வடையும் கேட்டதில்லை. அந்தப் பாட்டியினும் உயர்ந்தவர்கள், மாதாமாதம் ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போடும் மெய்யன்பர்கள். மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கும் மேல் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையன்று என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தடை சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை அகற்றியது. அட்டையார் ஒருமுறை பற்றினால் பற்றியதுதான். நிறையும்வரை பிரியமாட்டார், வலியும் தெரியாது.

ஆகவே வரம்பு உயர்க! வரிசை வளர்க! அடியேனுக்கு ஒரு சிறு விண்ணப்பம் மட்டும் உண்டு. கோயில் டியூப்லைட்டில் எழுதி வைப்பதுபோல், லவுஞ்சின் விளக்குகளிலும் ‘உபயம்’ என்று போட்டு, மினிமம் டியூ கட்டும் அன்பர்களின் பெயர்களைப் பொறித்து வைக்கலாம். பெயர்கள் மிகுந்து வெளிச்சம் சற்று மங்கினாலும் கேடில்லை. தட்டில் இருப்பது யாருடையது என்று பார்த்து உண்ணும் வழக்கம் அங்கே எவருக்கும் கிடையாது.