பறக்கும் ரயிலும் படகு இழுத்தவர்களும்

வெளிநாட்டில் ரயில் ஓடாத பழைய தடங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, ஆற்றோரமாக ஜோராகச் சைக்கிள் பாதை போடுகிறார்கள். மெட்ராஸ்காரன் ஒருபடி மேலே போய், வாய்க்காலின் நடுவிலேயே தூணை நட்டு ரயில் விட்டான்.

அந்த வாய்க்காலின் கதை 1806-இல் ஆரம்பம். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி மெட்ராசிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். பிறகு லண்டன் போய் நீராவிக் குளியல் கூடம் திறந்தார். நம்மூர் மே மாதத்தை அனுபவித்தவருக்கு வேறென்ன தோன்றும்?

அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876-78. ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருக்க, சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறியாகிவிடுவான் என்று சர்க்காருக்குக் கவலை. எலும்பும் தோலுமாக வந்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் அப்படி வெட்டியதுதான். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது: பக்கிங்ஹாம் கால்வாய். அவர் ஒரு கூடை மண்கூடச் சுமக்கவில்லை.

மயிலாப்பூருக்கு விறகும் உப்பும் படகில் வந்தன. காற்று கைவிட்டால் ஆட்கள் கரையேறி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். 1934-இல் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். கூட வந்தவர்கள் இயற்கையை ரசித்திருப்பார்கள். கவிஞர் கயிறு இழுத்தவன் பட்ட பாட்டைப் பார்த்து 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை எழுதினார். அந்தக் கயிற்றுக்காரன் நடந்த தடம்தான் நமக்குச் சைக்கிள் பாதையாகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. புயல்கள் கால்வாயைக் குலைத்தன, சாக்கடை நிரப்பியது. பிறகு அதன் நடுவில் நட்ட தூண்களின் மேல், 1997-இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தது, 2007-இல் வேளச்சேரிக்கு. பறக்கிறது என்று பெயர்தான். கால் முழுக்கச் சாக்கடையில்.

இன்றைக்கும் கஸ்தூரிபா நகர்ப் பக்கம் கெனால் பேங்க் ரோடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை மூக்கில் என்று மிதிக்கலாம். தூணைச் சுற்றி ஆகாயத்தாமரை, அதில் சிக்கிய தெர்மகோல் துண்டு, அதன்மேல் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. அதற்கு நாற்றமே தெரியாது போல.

ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் கரையிலும் கார் நிறுத்திவிடுவார்கள்.