புழு இருந்தால் பிள்ளை வரும்

ஏப்ரல் பிறந்ததும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு ஒரு நல்லெண்ணமும் கூடவே பிறக்கிறது. இந்த விடுமுறையில் பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்டு, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், மண்ணைத் தொட வைத்து, விதை போட வைத்து, விவசாயியின் அருமையை உணர வைத்து, அப்படியே வெண்டைக்காய்ப் பொரியலையும் சாப்பிட வைத்துவிட வேண்டும். இத்தனை நோக்கங்களை ஒரே பையில் திணித்தால் செடிக்கு இடம் ஏது? பத்து நாளில் பிள்ளை சோபாவுக்குத் திரும்பிவிடும். அப்பா மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஊற்றிக்கொண்டே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வம் கிடையாது என்று தீர்ப்பும் வழங்கிவிடுவார். அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதே என் வேலை. பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் ஆர்வம் உண்டு, நம்மைவிட அதிகமாகவே உண்டு. காயில்தான் கிடையாது. எதையெல்லாம் நாம் தோட்டத்தின் தொல்லை என்கிறோமோ, அந்தப் புழுவுக்கும் சேற்றுக்கும் வாடைக்கும்தான் அவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். தொல்லைகளை எல்லாம் துடைத்துவிட்டுக் கொடுத்தால் அங்கே அவர்களுக்கு மிஞ்சுவது வேலை. வேலை செய்ய எந்தப் பிள்ளை வரும்?

கறிவேப்பிலைச் செடியையே எடுத்துக்கொள்வோம். அது தளதளவென்று துளிர்த்து நிற்கும்போது இலை மேல் ஒருநாள் பறவை எச்சம் கிடக்கும். தட்டிவிடப் போனால் நகரும். கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு அது. பறவைக்குத் தப்பப் பறவையின் எச்சமாகவே வேடம் கட்டியிருக்கிறது. நாலு முறை தோல் உரித்தபின் வேடம் கலைந்து பச்சையாகிவிடும், நன்றாகக் கொழுத்தும்விடும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் அதை லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாகச் சிவப்புக் கொம்பு ஒன்று புடைத்துக்கொண்டு வரும், கூடவே ஒரு காட்டமான வாடை. குச்சியை எடுத்தால் கொம்பு உள்ளே போய்விடும். ரசத்துக்குத் தாளிக்க இலை இல்லாமல் நிற்பவருக்கு இது நஷ்டக் கணக்கு. ஏழு வயதுக்காரருக்கோ மொட்டை மாடியில் டைனோசர் இறங்கியிருக்கிறது. முட்டையிலிருந்து கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்துப் பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான். விடுமுறைக்குள் முழுப்படமும் முடிந்துவிடும், கட்டணம் சில கொத்து இலை. பொறுப்பான பெற்றோர் என்ன செய்கிறார் என்றால், முதல் வாரமே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்து அரங்கைக் காலி செய்துவிட்டு, “வா கண்ணா, வெண்டைக்குத் தண்ணி ஊத்தலாம்” என்று கூப்பிடுகிறார்.

எல்லாப் பூச்சிக்கும் ஆரத்தி எடுக்கச் சொல்லவில்லை. வெள்ளை ஈ மொய்த்தால் வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தத் தேமல் நோய்க்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். பிடுங்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காது என்பதைக் கவனியுங்கள். மாவுப்பூச்சிக்கு முதல் வைத்தியம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து அதைச் செடியிலிருந்து உதிர்ப்பது. வீட்டில் இத்தனை நாள் தடை செய்யப்பட்டிருந்த தண்ணீர்த் துப்பாக்கிக்கு இதைவிடக் கௌரவமான அரசாங்க உத்தியோகம் கிடைக்காது. ஆக, பூச்சியைக் காப்பாற்றுவதும் பிள்ளைகளின் துறை, கொல்வதும் அவர்கள் துறை. பெரியவர்கள் இரண்டிலும் தலையிடாமல் இருந்தால் போதும்.

கொடிகளிடம் வந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூக்கள், அதிலும் வெயில் ஏற ஏறக் கொடி ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். பந்தல் முழுக்கப் பூ, பேருக்கு ஒரு பிஞ்சு இல்லை. கண் பட்டுவிட்டது என்று பூசணிக்கொடிக்கே பூசணிக்காய் சுற்றிப் போடத் தயாராகிவிடுவார்கள் வீட்டுப் பெரியவர்கள். கொஞ்சம் பொறுத்தால் பெண் பூ வரும். இதழுக்குக் கீழே குட்டிக் காயைச் சுமந்துகொண்டே வருவதால் அதை அடையாளம் காண்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. மாடிக்குத் தேனீ வரத்து குறைவு. அதனால் விடியலில் மலரும் பூசணியில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே நாமே தடவிவிட வேண்டும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகே விரியும். புடலையின் வெள்ளைப் பூவில் இதழோரம் முழுவதும் நூல் நூலாகப் பிரிந்து தொங்கும், அதைத் தேடி இருட்டில் விட்டில்கள் வரும். டார்ச் லைட்டோடு ராத்திரி மாடிக்குப் போகச் சட்டப்படி ஒரு காரணம் கிடைக்கிறதென்றால் புடலையை எந்தப் பிள்ளை வெறுக்கும்? காய் வளையாமல் இருக்க அதன் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடும் உரிமையும் சேர்ந்து வருகிறது. ஒரே ஆபத்து, “ஏன் தடவணும்?” என்ற கேள்வி. பாப்பாவை ஆஸ்பத்திரியில் வாங்கிவந்தோம் என்று சமாளித்துவந்த குடும்பங்கள் பூசணிக்கொடியடியில்தான் மாட்டிக்கொள்ளும். இதைப் பாதகம் என்று சிலர் சொல்லலாம். எனக்குச் சாதகமாகத்தான் படுகிறது. எப்படியும் ஒருநாள் சொல்லியாக வேண்டிய விஷயத்தைப் பூசணியை முன்னால் நிறுத்திச் சொல்லிவிட்டால் யாருக்கும் தொண்டை கமறாது.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளை காய்கறி சாப்பிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோடைத் தோட்டத்தின் பெரிய சங்கடமே இதுதான். கத்திரி வெயிலைத் தாங்குகிற காய்களின் பட்டியலும், பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்குகிற காய்களின் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்று. கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கு, தண்டுக்கீரை என்று படிக்கும்போதே வாய் இறுகுகிறது. பிள்ளைகள் ஆசைப்படுவது தக்காளிக்கு. பாடப்புத்தகத்திலும் கார்ட்டூனிலும் தோட்டம் என்றால் சிவப்பாக அதுதானே தொங்குகிறது. ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கும் மே மாதத்தில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், உதிரும், காய் பிடிக்காது. தோட்டக்கலையில் முதல் அனுபவமே தோல்வியாக இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் மட்டும் மே மாதம் தக்காளி வைக்கலாம். மற்றவர்களுக்கு வெள்ளரி இருக்கிறது, பிஞ்சைக் கொடியடியிலேயே தின்றுவிடலாம். தானே வளர்த்த காயைப் பிள்ளைகள் ஒரு வாய் கடித்தாவது பார்க்கிறார்கள் என்று பள்ளித் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் சொல்வதுண்டு. நம்பலாம். ஆனால் கடித்துப் பார்ப்பதற்கும் கொத்தவரங்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்குவதற்கும் நடுவே உள்ள தூரத்தை எந்தத் தோட்டமும் கடந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களிலேயே கடக்காதவர்கள் எத்தனை பேர்!

அடுத்த ஆட்சேபம் தாத்தா பாட்டியிடமிருந்து வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரே சொல்லும்போது சித்திரையில் என்ன விதைப்பு? நியாயமான கேள்வி. ஆடி வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் என்பதுதான் இதில் சிக்கல். பயிர்க் காலண்டரும் பள்ளிக் காலண்டரும் ஒன்றையொன்று கலந்துபேசித் தயாரிக்கப்பட்டவை அல்ல. ஆனால் வெண்டைக்கு ஆடியைத் தவிர மாசிப் பட்டமும் உண்டு. பிப்ரவரிக் கடைசியில் விதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு ஊன்றினால் சுமார் 45 நாளில் முதல் காய் பறிக்கலாம், அதாவது விடுமுறை தொடங்கும்போது செடி காய்ப்பில் இருக்கும். வாசலில் கோலம் போடவே பிள்ளையை விடாத மாதம் அது, முழுப்பரீட்சை மாதம். அந்த நேரத்தில் மண்ணைத் தொடுவதா என்று வீடு கொதிக்கும். சாயங்காலம் பத்து நிமிஷம் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றியதால் கணக்கில் மார்க் குறைந்தது என்று யாரும் நிரூபிக்கப்போவதில்லை. அதே பத்து நிமிஷத்தில் பிள்ளை அறிவியல் புத்தகத்தைப் பார்த்தபடி கொட்டாவிதான் விட்டிருக்கும். மாசியைத் தவறவிட்டவர்கள் ஏப்ரலில் கீரை விதைக்கலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் சில நாளில் முளைத்து, ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். பத்து நாளில் அலுத்துப்போகிற பொறுமைக்கு நாலு மாதக் கத்தரியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பொறுமை என்றதும் தோண்டிப் பார்க்கும் வழக்கம் நினைவுக்கு வருகிறது. விதைத்த மறுநாளே விரலை விட்டுக் கிளறி முளைத்துவிட்டதா என்று பார்க்காத பிள்ளை கிடையாது. இதைத் தடுக்க நாம் செலவழிக்கும் சத்தத்தில் பாதிக்குக் கூட விதை விற்பதில்லை. தட்டைப்பயறு ஒரு பிடியை ஒரு தனித் தொட்டியில் போட்டு, தோண்டிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிடலாம். வேர் முதலில் கீழே இறங்குகிறது, தண்டு வளைந்து முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் தோண்டியவர்களுக்கே தெரியும். நம் எல்.கே.ஜி. ஏற்பாட்டுக்கெல்லாம் மூலவரான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-ல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பள்ளியில் தோட்டம் ஒரு முக்கிய அங்கமாக இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி உண்டு, அதில் எதை வைப்பது, எப்படி வைப்பது என்பதெல்லாம் குழந்தையின் இஷ்டம். தப்பாக வளர்த்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் பாத்தியே சொல்லிக்கொடுக்கட்டும் என்பது அவர் எண்ணம். எல்.கே.ஜி.யை எடுத்துக்கொண்டு பாத்தியை விட்டுவிட்டோம் நாம். பையில் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு, எங்கே வைப்பது, எவ்வளவு ஊற்றுவது, எப்போது பறிப்பது எல்லாவற்றையும் அம்மா முடிவு செய்தால் அது பினாமிச் சொத்து. சொந்தம் என்றால் சாகடிக்கும் உரிமையும் சேர்ந்ததுதான். ஒரு செடி வாடிச் செத்தால் வீட்டில் சொற்பொழிவு நடக்கக் கூடாது, இன்னொரு விதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

காசுக் கணக்கு பேசுவோரோடு எனக்கு வழக்கில்லை. பை, தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், நிழல்வலை எல்லாம் சேர்த்தால் முதல் வருஷத்து வீட்டு வெண்டை பாதாம் விலைக்குத்தான் வரும். உழவர் சந்தையோடு போட்டி போடுவது நோக்கமென்றால் இப்போதே விட்டுவிடலாம். மாடி ஒழுகும் என்பவர்கள் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீர் ஆட்சேபத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. அப்படிப்பட்ட கோடையில் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அரிசி கழுவிய தண்ணீர் இருக்கிறது. ஏசி வெளியே சொட்டவிடும் தண்ணீரும் இருக்கிறது, அதில் உப்பே கிடையாது. குழாயடியில் பக்கெட் வைத்து, நிரம்பியதும் எடுத்துப்போய் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஏசி ஓடினால்தான் வெண்டை பிழைக்கும் என்ற வாதத்தை அவர்கள் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. அதற்குப் பதில் தேடுவது மின்கட்டணம் கட்டுகிறவரின் பாடு.

எல்லாம் சரி, மே மாதம் பாட்டி ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம், கொஞ்சம் கனமானதும்கூட. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, காய்த்ததைப் பறித்துக்கொள்ளவும் சொல்லிவிட வேண்டும். இது தாராளம் இல்லை. வெண்டையைப் பறிக்காமல் முற்ற விட்டால் செடி புதிதாகக் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெண்டைச் சுணை கையில் பட்டால் அரிக்கும் என்பதையும், பிஞ்சு இலைக்கடியில் ஒளிந்திருக்கும் என்பதையும் பிள்ளையே அவருக்கு நேரில் விளக்கட்டும், இரண்டு மாதத்தில் கற்றதை வேறு யாரிடம் காட்டுவது? கறிவேப்பிலையில் தொங்கும் கூட்டைத் தொடக் கூடாது என்றும் அது கறாராக உத்தரவு போடும். கொத்தவரையைப் பற்றி மட்டும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் அது நிற்கும், யாரும் திருடிக்கொண்டும் போக மாட்டார்கள்.