அலாரப் படலம்

குறும்படம் என்பது கதாநாயகன் தூங்கி எழுவதில் தொடங்குவது. மாணவர் குறும்படத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது. இருட்டு. டிக் டிக். மணி ஆறு. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு டைம்பீஸின் தலையில் தட்டுகிறது. இந்தக் கை ஏன் வருகிறது, எத்தனை நேரம் வருகிறது, யாருடைய கை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாவது கேள்விக்கு விடை எனக்கு நேரடியாகத் தெரியும். படப்பிடிப்பு நடந்தது எங்கள் வீட்டில்.

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்று நன்னூலார் 13-ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். விஸ்காம் இறுதியாண்டு மாணவர்கள் நன்னூல் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒருமுறைகூட அதை மீறியதில்லை. நண்பர்கள் நால்வரின் முதலெழுத்துகளைக் கோத்த பேனர் ஒன்று, புகையிலிருந்து சுழன்று சுழன்று வெளிப்படும். இது பொதுப்பாயிரம். அடுத்து வரும் நன்றி அட்டை சிறப்புப்பாயிரம்: துறைத்தலைவர், கேமரா வாடகை கொடுத்த மாமா, பைக் கொடுத்தவர், வீடு கொடுத்தவர். (என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை.) சிறப்புப்பாயிரத்தில் வர வேண்டியவை எட்டு என்பது நன்னூல் விதி. அந்த எட்டில் ஆக்கியோன் பெயர் கதை, திரைக்கதை, இயக்கம் என மூன்று இடத்தில் இருந்தது. பயன் மட்டும் விடுபட்டிருந்தது. பிறகு புகைபிடித்தல் எச்சரிக்கை. படத்தில் யாரும் புகைப்பதில்லையே என்று கேட்டேன். "போட்டாத்தான் அங்கிள் தியேட்டர் படம் மாதிரி இருக்கும்" என்றார் டைரக்டர். அவருக்கு வயது இருபது.

அடுத்தது பொழுது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்கிறார் தொல்காப்பியர். 'உள் – படுக்கையறை – காலை' என்று திரைக்கதைத் தாளின் தலையில் எழுதுவதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வைகறை மருதத்துக்கு உரிய பொழுது. மருதத்துக்கு உரியது ஊடல். எனவே அலாரம் அடித்த கையோடு ஊடல் வந்தாக வேண்டும். வருகிறது. "இன்னும் எந்திரிக்கலையா?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். அகப்பாட்டில் நற்றாய் கண்முன் நின்று பேசுவாள். குறும்படத்தில் குரலாக மட்டுமே வருவாள். அம்மா வேடத்துக்கு ஆள் கிடைக்காததுதான் காரணம். வகுப்புத் தோழி ஒருத்தி ஹாஸ்டல் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஃபோனில் பேசி அனுப்பிய குரல் அது.

இந்தத் தொடக்கத்துக்குத் திட்டமிடல் மூன்று வாரம். டீக்கடையில் டிஸ்கஷன். ஷாட் டிவிஷன் நோட்டில் அலாரத்திலிருந்து ஷூ லேஸ் கட்டுவது வரை 31 ஷாட். பல் துலக்குவதற்கு மட்டும் ஆறு. கதை என்னவென்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் கிடக்கும் ஒரு பர்ஸை எடுத்தவன், அதை உரியவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தவிக்கிறான். நல்ல கதை. என்ன முடிவெடுக்கிறான்? "அது ஸ்பாட்ல பாத்துக்கலாம்னு இருக்கோம்."

முன்னோர் மரபையும் பார்த்துவிடுவோம். லூமியேர் சகோதரர்கள் 1895-இல் லியோனில் தங்கள் தொழிற்சாலைக் கதவைத் திறந்துவிட்டு, தொழிலாளர்கள் வெளியே வருவதை எடுத்தார்கள். மொத்தப் படமே சுமார் 50 விநாடி. மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள்: ஒன்றில் ஒரு குதிரை, ஒன்றில் இரண்டு குதிரை, ஒன்றில் குதிரையே இல்லை. அந்தத் தொழிலாளர்கள் அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்ற குறிப்பு மூன்றிலும் இல்லை.

போலந்தின் வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது ரோமன் போலன்ஸ்கி 1958-இல் எடுத்த குறும்படம், இரண்டு ஆட்கள் ஒரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள்ளிருந்து கரையேறுவதில் தொடங்குகிறது. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. டிராமில் ஏற்ற மறுக்கிறார்கள், ஹோட்டலில் விரட்டுகிறார்கள், கடைசியில் இருவரும் அலமாரியோடு கடலுக்கே திரும்பிப் போகிறார்கள். நெய்தல் நிலம், இரங்கல் ஒழுக்கம். இலக்கணப் பிழை எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. இதை டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா கேரக்டர் எஸ்டாப்ளிஷே ஆகலையே" என்றார்.

அதே 1958-இல் வந்த ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' நமக்கு இன்னும் நெருக்கம். அங்கும் முதலில் தெரிவது ஒரு கைதான். அங்கும் அதன் அருகே ஒரு கடிகாரம். கை வெடிகுண்டின் நேரத்தை முடுக்குகிறது, குண்டு ஒரு காரில் ஏறுகிறது, கார் ஊர்ந்து எல்லையைக் கடக்கிறது. வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கும் மேலே. யாரும் கொட்டாவி விடுவதில்லை. கடைசியில் வரும் சுங்க அதிகாரி டேக்குக்கு டேக் வசனத்தை மறந்தாராம். சும்மா உதட்டையாவது அசை, பிறகு டப் செய்துகொள்ளலாம் என்று வெல்ஸ் கெஞ்சியதாகப் படத்தின் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் பின்னாளில் சொன்னார். வெல்ஸின் கடிகாரம் இனிமேல்தான் வெடிக்கப் போகிறது. நம்முடையது முதல் விநாடியிலேயே அடித்து ஓய்ந்துவிடுகிறது. கதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபோது, நாள் தொடங்கும் இடத்தில் தொடங்கிவிடுகிறார்கள். வேறு மர்மம் இதில் இல்லை.

படப்பிடிப்பு காலை ஐந்தரைக்கு. விடியல் வெளிச்சம் ஒரிஜினலாகக் கிடைக்கும் என்பது திட்டம். ஐந்தரைக்கு நானும் என் மனைவியும் எழுந்து காபி போட்டு வைத்தோம். கதாநாயகன் வந்தபோது மணி 10:40. தூங்கிவிட்டாராம், ஃபோன் சைலன்ட்டில் இருந்ததாம். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் நீல ஜெலட்டின் ஒட்டி, தெர்மாகோல் பிடித்து, வெயில் கொளுத்தும் பதினொன்றரைக்கு வைகறை வரவழைக்கப்பட்டது.

கதாநாயகனின் வலது கையில் கோயில் கயிறு. அவிழ்க்கக் கூடாது என்பது பாட்டியின் உத்தரவு. கதைப்படி அவன் நாத்திகன். ஆகவே படத்தில் நீங்கள் பார்க்கும் கை அசிஸ்டென்ட் டைரக்டருடையது. டைம்பீஸ் என் அப்பாவுடையது. கீ கொடுக்கிற வகை, தலையில் இரண்டு மணி. "எல்லாரும் ஃபோன்லதானே அலாரம் வைக்கிறீங்க, தம்பி?" என்றேன். "ஃபோன்ல ஃபீல் வராது அங்கிள்." "உங்களை வீட்ல யாரு எழுப்புவா?" சற்று யோசித்துவிட்டு, "அம்மா" என்றார்.

2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்து, போட்டோ கேமராவிலேயே சினிமா எடுக்கலாம் என்றானது. மறு ஆண்டு தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கியது. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் அங்கிருந்து வந்தவர்கள். அன்றுமுதல் பின்னணி மங்கலாக இல்லாத படம் படமே அல்ல. எங்கள் வீட்டுக்கு வந்ததும் 50 எம்எம் லென்ஸ்தான், 1.8-இல் முழுதாகத் திறந்துவிட்டு. அவ்வளவு கிட்டே வைத்தால் ஆறு ஷார்ப்பாக இருக்கும், பன்னிரண்டு கலங்கிவிடும். எட்டு டேக் இப்படியே போயிற்று. ஒன்பதாவது டேக்கில் "இன்னும் கோபமா அடி மச்சான்" என்றார் டைரக்டர். மச்சான் அடித்தார். டைம்பீஸ் தரையில் விழுந்தது. ஒரு மணி கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. நடிப்பு அந்த டேக்கில்தான் பிரமாதம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஃபோகஸ் இல்லை.

ரஃப் கட்டை லேப்டாப்பில் காட்டினார்கள். கல்லூரி விதிப்படி நீளம் எட்டு நிமிடம். பேனர் 20 விநாடி, நன்றி 25, எச்சரிக்கை 10, அலாரம் முதல் ஷூ லேஸ் வரை 2 நிமிடம் 35, ட்ரோனில் தெரு 20. பர்ஸ் கண்ணில் படுவது 3:50-இல். அதற்குள் லூமியேர் படத்தை நாலு முறை பார்த்துவிட்டு அரை நிமிடம் காலாறலாம். பஸ் ஸ்டாப்பிலேயே தொடங்கினால் என்ன, முதல் ஷாட்டிலேயே பர்ஸைக் காட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப அவன் எங்கிருந்து வர்றான்னு ஆடியன்ஸ் கேப்பாங்களே அங்கிள்?"

ஃபோகஸுக்காக அலாரக் காட்சியை மட்டும் மறுபடி எடுக்கிறார்கள். அப்பாவின் டைம்பீஸ் இப்போது ஒற்றை மணியோடு இருக்கிறது, கண்டினியூட்டி இடிக்கும். கீ கொடுக்கிற, இரட்டை மணி டைம்பீஸ் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து எடுத்து வையுங்கள். படப்பிடிப்பு வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு. பதினொரு மணிக்குக் கொண்டுவந்தால் போதும்.