அரை பாண்டில் ஒரு வியாபாரம்: ஸ்காபரோவில் ஆங்கிலச் சோதனை வகுப்புத் தொடங்குபவருக்கு வழிகாட்டி

ரொறன்ரோவில் தொழில் தொடங்க நினைக்கும் தமிழர் வழக்கமாக வீடு விற்கப் போவார், அல்லது காப்புறுதி விற்கப் போவார். இரண்டிலும் இப்போது நெரிசல். ஆங்கிலச் சோதனைக்கு ஆட்களைத் தயார்படுத்தும் வகுப்பில் இன்னும் இடமிருக்கிறது. திட்டம் மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

1. மாணவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசின் காசில் நடக்கும் ‘லிங்க்’ ஆங்கில வகுப்புகள் 1992 முதல் இருக்கின்றன. முற்றிலும் இலவசம். பயப்படவேண்டாம். அங்கே சேர நிரந்தர வதிவிட உரிமையோ அகதி அங்கீகாரமோ கையில் இருக்கவேண்டும். அந்த உரிமையைக் கேட்டு விண்ணப்பிப்பதற்காகச் சோதனை எழுதும் மாணவ விசாக்காரருக்கும் வேலை விசாக்காரருக்கும் அங்கே இடமில்லை. சோதனை தேவைப்படுபவருக்கு இலவச வகுப்பு இல்லை. இலவச வகுப்புக்குத் தகுதி வரும்போது அந்தச் சோதனை முடிந்திருக்கும். அரசாங்கமே வாடிக்கையாளரைப் பிரித்து உங்கள் வாசலுக்கு அனுப்புகிறது.

2024 நவம்பரிலிருந்து இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. படிப்பு முடித்து வேலை அனுமதி கேட்பவர்களும் ஆங்கிலப் பெறுபேறு காட்டவேண்டும்: கனடாவின் மொழி அளவுகோலான சி.எல்.பி-யில் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு 7, கல்லூரி முடித்தவருக்கு 5. இரண்டு வருடம் இங்கே ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதித் தேறியவர், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க உங்களிடம் வருவார். சிரிக்காமல் உட்காரச் சொல்லுங்கள்.

2. இடமும் விளம்பரமும்

பேஸ்மென்ட் போதும். தமிழ்க் கடையின் கண்ணாடியில் அரங்கேற்ற நோட்டீசுக்கும் ‘அறை வாடகைக்கு’ நோட்டீசுக்கும் நடுவில் உங்கள் நோட்டீஸ் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்து ரியூசன் மரபுப்படி, கூடிய பெறுபேறு எடுத்தவரின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். அவர் உங்கள் வகுப்புக்கு ஒருநாள்தான் வந்தார் என்பது படத்தில் தெரியாது.

3. முதல் நாள் கணக்குப் பாடம்

ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம். ஐஎல்ட்ஸ் சோதனையின் பொதுப் பயிற்சிப் பிரிவில் கேட்டலுக்கு 8 பாண்ட், வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றுக்கும் 7 எடுத்தால் சி.எல்.பி 9. எழுத்தில் மட்டும் 6.5 என்றால் அது சி.எல்.பி 8. நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் தெரியும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளித் திட்டத்தில், தனியாக விண்ணப்பிப்பவருக்கு எழுத்துக்கு 31 புள்ளி வரவேண்டிய இடத்தில் 23. வெறும் எட்டுத்தானே என்று மாணவர் ஆறுதலடைவார். விடாதீர்கள். நான்கிலும் 9 இல்லாவிட்டால் முதுகலைப் பட்டத்துக்குச் சேரும் 50 புள்ளி 25 ஆகிறது. மூன்று வருட வெளிநாட்டு வேலை அனுபவத்துக்குச் சேரும் 50 புள்ளியும் 25 ஆகிறது. அரை பாண்டுக்கு 58 புள்ளி! பலகையில் பெரிதாக எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் நில்லுங்கள். அதற்குப் பிறகு கட்டணத்தைச் சொன்னால் எந்தத் தொகையும் மலிவாகத்தான் தெரியும்.

4. பாடத்திட்டம்

எழுத்துக்கு ‘மொர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘நெவர்த்லெஸ்’ மூன்றும் போதும். கறிக்கு உப்புப் போல அளவோடு போடச் சொல்லாதீர்கள். வரிக்கு ஒன்று என்று சட்டம் போடுங்கள். அடுத்தது கடிதம். ஹீட்டர் வேலைசெய்யவில்லை என்று வீட்டுக்காரருக்கு 150 சொல்லில் முறையிடப் பழக்குங்கள். மாணவர் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் எழுதுவார். தன் சொந்த வீட்டுக்காரருக்கு அப்படியொரு கடிதம் போடலாம் என்று அவருக்குத் தோன்றாதவரை பாடம் வெற்றி.

பேச்சில், அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். ‘மறக்கமுடியாத ஆசிரியர்’ என்று வந்தால் சொல்வதற்கு முழு வகுப்புக்கும் ஒரே ஆசிரியரைத் தயாரித்துக் கொடுங்கள்: கணித வாத்தியார், வெள்ளைச் சட்டை, பழைய சைக்கிள், மழையிலும் பள்ளிக்கூடம் வருபவர். ஒரே சனிக்கிழமையில் ஐந்தாவது தடவையாக அந்தச் சைக்கிள் வரும்போது பரீட்சகருக்கு விளங்கிவிடும். பாடமாக்கியது என்று பிடித்தால் பாண்ட் இறங்கும். இறங்கட்டும். மாணவர் திரும்ப உங்களிடம்தானே வருவார்?

5. தவறினால் சோதனையை மாற்றுங்கள்

பிழை மாணவரிலும் இல்லை, உங்களிலும் இல்லை, சோதனையில்தான் என்று சொல்லி ‘செல்பிப்’புக்கு அனுப்புங்கள். அது கனடாச் சோதனை, கணினியில் ஒரே இருப்பில் சுமார் மூன்று மணித்தியாலம். எதிரே மனிதர் இல்லை, மைக்கோடுதான் கதைக்கவேண்டும். அறை முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் வீட்டில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அதுவும் சரிவராவிட்டால், 2024 ஜனவரி முதல் பி.டி.இ கோர் என்ற சோதனையின் பெறுபேறும் செல்லும். மூன்று சோதனை, மூன்று வகுப்பு, மூன்று கட்டணம். பெறுபேறு இரண்டு வருடத்தில் காலாவதியாவது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த ஓய்வூதியம்.

6. வாய் தவறியும் சொல்லக்கூடாதவை

சோதனை நடத்துபவர்களே மாதிரி வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ரொறன்ரோ பொது நூலகத்தில் ஆங்கிலம் கதைத்துப் பழக இலவச வட்டங்கள் நடக்கின்றன. அங்கே போனால் முன்பின் தெரியாதவர்களோடு, பாடமாக்காத விஷயத்தைப் பற்றி, பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கதைக்கவேண்டிவரும். அப்படியே தொடர்ந்தால் ஆங்கிலம் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

7. எல்லாம் மீறி ஒருவர் தேறிவிட்டால்

வாழ்த்துச் சொல்லி, படம் எடுத்து, எக்ஸ்பிரஸ் என்ட்ரி வெட்டுப்புள்ளி ஏறிவிட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அதற்கும் வழி இருக்கிறது: 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாக, குறைந்த புள்ளியில் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சு மொழி அளவுகோலில் நான்கு திறனிலும் 7 எடுத்தால், ஆங்கிலத்தோடு சேர்த்து மேலதிகமாக 50 புள்ளி. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது ஒரு தடையல்ல. நோட்டீசில் ஒரு சொல்லைத்தான் மாற்றவேண்டும். மாணவரைவிட ஒரு பாடம் முன்னால் நின்றால் போதும். வகுப்பு சனி காலை பத்து மணிக்கு. முற்பணத்தை மட்டும் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.