திண்ணையைத் தூக்கிக்கொண்டு போன பாதிரியார்

நம் பழைய ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கட்டடக்கலையை ஆராயக் கிளம்புகிறவருக்கு முதல் நாளே வேலை முடிந்துவிடும். கட்டடமே கிடையாது. யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்துக்காக வாசலில் கட்டிய திண்ணை. அதன்மேல் ஓட்டுச் சாய்ப்பு, தாங்க நாலு மரத்தூண், தலைவைக்க ஒரு திண்டு. திண்டு வாத்தியாருக்கு, மிச்ச இடம் பையன்களுக்கு. மணலைப் பரப்பினால் அதுதான் நோட்டுப் புத்தகம். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, பக்கம் புதுசு. கை தேறியவன் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவான்.

ஜன்னல் இல்லையே என்று கேட்கக் கூடாது. பள்ளிக்கூடமே ஒரு ஜன்னல்தான். முந்திரி என்றால் 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80 என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பையன் தெருவில் போகும் மாட்டுவண்டி, மோர்க்காரி, சவ ஊர்வலம் மூன்றையும் பார்த்துவிடுவான். இத்தனைக்கு நடுவிலும் கணக்கு மண்டையில் ஏறியதென்றால் பிரம்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பிரம்புக்கும் ஒரு கணக்கு இருந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் தன் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் விவரம் இருக்கிறது. காலையில் முதலில் வருகிறவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாமவனுக்கு ஒரு சுழி, அதாவது புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வொன்று கூடுதல். கடைசிப் பையனுக்குக் கூட்டல் வாய்ப்பாட்டைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஆனால் கட்டடக்கலை மாணவர்கள் கவனிக்க வேண்டியது உத்தரத்தை. அதில் கயிற்றைப் போட்டு, சோம்பேறிப் பையனைக் கைகளால் தொங்கவிடுவார்கள். கோதண்டம் என்று பெயர். கூரையைத் தாங்குவது அந்த உத்தரத்துக்கு உபதொழில்தான்.

மூன்று பக்கமும் திறந்து கிடந்ததே தவிர, திண்ணையில் எல்லாரும் ஏறிவிட முடியாது. தீண்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் தெருவோடு சரி. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு மாகாணம் முழுக்கக் கணக்கெடுத்ததில், பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498, படிப்பவர்கள் 1,88,650 பேர் என்று வந்தது. அதில் பெண்கள் 4,540. பழம்பெருமை பேசுகிறவர்கள் முதல் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தக் கணக்கெடுப்புக்கெல்லாம் முன்பே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் திண்ணையில் கண் வைத்துவிட்டார். ஆண்ட்ரூ பெல், 1787இல் சென்னைக்கு வந்த பாதிரியார். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டாளங்களுக்குப் பாதிரியாராகச் சம்பளம் வாங்கியவர். அதனால்தானோ என்னவோ, எழும்பூர் அநாதைப் பள்ளியைச் சம்பளம் வாங்காமல் நடத்தினார். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். கிடைத்துவிட்டது என்று கூவிக்கொண்டே குதிரையைத் திருப்பி வீட்டுக்கு விரட்டினாராம். அவருடைய பள்ளி வாத்தியார்களோ மணலைத் தொட மாட்டோம் என்றார்கள். சரி என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே வாத்தியாராக்கிவிட்டார்.

1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ பிரபலமானது. உடனே ஜோசப் லங்காஸ்டர் என்பவர், இது என் சரக்கு என்று கிளம்பினார். பெல்லுக்குப் பின்னால் இங்கிலாந்துத் திருச்சபை, லங்காஸ்டருக்குப் பின்னால் சபைக்கு வெளியே இருந்தவர்கள் என்று நாடே இரண்டு கட்சியானது. மணலை மட்டும் மதராஸில் பார்த்ததாக பெல் ஒப்புக்கொண்டார். பையனுக்குப் பையனே சொல்லிக்கொடுப்பது என் மூளை என்றார். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைப் பார்த்து வந்த நம் சட்டாம்பிள்ளையை ஒரு பஞ்சாயத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. கேம்பெல் மட்டும் அந்த 1823 அறிக்கையில், இங்கிலாந்து பார்த்துக் காப்பியடித்தது நல்ல முறையைத்தான் என்று எழுதிவைத்தார்.

வெள்ளைக்காரனுக்குத் திண்ணை போதுமா? பெரிய மண்டபமாகக் கட்டினான். ஹிட்சின் என்ற ஊரில் 1837இல் கட்டியது இன்னும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஒரே அறை, முந்நூறு பையன், ஒரு வாத்தியார். இந்த மாதிரி மண்டபங்களில் ஜன்னல்களைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள், பையன் வெளியே பார்க்காமல் இருக்க. ஆக, மோர்க்காரியை ஒழித்துவிட்டார்கள். ஆனால் லங்காஸ்டர் தப்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். கோதண்டத்துக்குக் கூடை வைத்ததுதான் மேல்நாட்டு நாகரிகம்.

பெல் 1832இல் இறந்தார். அவர் விட்டுப்போன பணத்தில் சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி எழும்பியது. வில்லியம் பர்ன் என்ற கட்டடக்கலைஞர் போட்ட வரைபடம், நிஜமான கல் கட்டடம். பேர் ‘மெட்ராஸ் காலேஜ்’. 2021இல் பள்ளி புதுக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. பழையது பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. நம் அரசு 1996இல் மெட்ராஸைச் சென்னையாக்கியது. அந்த அரசாணை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது என்பதால், குடிபோன இடத்திலும் அவர்கள் பழைய போர்டையேதான் மாட்டியிருக்கிறார்கள்.