ஆகஸ்ட் 15 அன்று சைக்கிள் மிதிப்பது எப்படி?

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொங்கல், தீபாவளி எல்லாம் இதற்கு ஆகாது. எண்ணெய்க் குளியல், இலைச் சாப்பாடு, வாசலில் செருப்பு விட இடமில்லாத அளவுக்கு உறவுக்காரர்கள் என்று பொழுது போய்விடும். சைக்கிளுக்கென்றே நாடு ஒதுக்கித் தந்திருப்பவை மூன்று நாள்கள்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றுக்குப் பலகாரம் கிடையாது, பூஜை கிடையாது, யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. டிவியில் பட்டிமன்றம் தொடங்கும்வரை குடும்பத் தலைவருக்கு உத்தியோகம் என்று எதுவும் இல்லை. அந்த இடைவெளியைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். கொஞ்சம் தாமதித்தாலும் "பரண்ல இருக்கிறதை எறக்கித் தரேன்னு சொன்னீங்களே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் ஆரம்பித்துவிடும்.

மூன்றில் எது? ஜனவரி 26 ஆபத்து. சென்னையில் அன்று வடகிழக்குக் காற்று இருக்கும். தெற்கே போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டே வரும். நமக்குள் இத்தனை நாளாக ஒரு வீரன் ஒளிந்திருந்திருக்கிறான் என்று நம்பிக் கண்காணாத தூரம் போய்விடுவீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். அக்டோபர் 2-ஐ ஒட்டிச் சில ஆண்டுகளில் ஆயுதபூஜை வந்துவிடும். சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து நிறுத்தியிருப்பார்கள், எடுக்க விடமாட்டார்கள். ஆகவே ஆகஸ்ட் 15. புழுக்கம் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் புழுங்காமல் வீட்டுக்கு வந்தவனை யார் மதிக்கிறார்கள்? 2027-இல் இந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுகிறது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு தேசப்பற்று சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது சைக்கிள். புதிதாக வாங்க வேண்டியதில்லை, உங்களிடமே இருக்கிறது. 2020 ஊரடங்கில் வாங்கினீர்களே, அதுதான். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால், யாரோ ஒருவருடைய உடைந்த கட்டிலுக்கு அந்தப் பக்கம் தேடுங்கள். ஹேண்டில்பாரில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தால் அது உங்கள் வீட்டுத் துணியா என்று பார்த்துவிட்டு எடுங்கள். இந்தத் தேடலை 14-ஆம் தேதி மாலையே முடித்துவிட வேண்டும். விடுமுறை நாள் காலையில் ஐந்து மணிக்கு டயரை அமுக்கிப் பார்த்தால் அது உங்கள் கட்டைவிரலை அன்போடு உள்வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்துக்குக் காற்றடித்துத் தர ஊரில் ஒருவரும் விழித்திருக்க மாட்டார்கள்.

கூட வருவதற்கு ஆள் சேர்க்க வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கலாம். இருபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். காலையில் இருவர் வருவார்கள், அதில் ஒருவர் காரில்.

உடை விஷயத்தில் சிக்கனம் கூடாது என்பார்கள், நம்பாதீர்கள். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை ஒன்று விற்கிறது. சீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை அது பெரிய வரம்தான். சீட்டைவிட்டு இறங்கி டீக்கடை வரை நடக்கும்போதுதான் அதன் இன்னொரு பக்கம் தெரியும். டீ குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேரும் உங்கள் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனாலும் அதைத்தான் போட வேண்டுமென்றால், அதற்குள் உள்ளாடை அணியக்கூடாது என்பது விதி. தையல் உராய்ந்து தோல் வழண்டுவிடும். இதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை, பத்தாவது கிலோமீட்டரில் தானாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில் இருக்கட்டும். ஹெல்மெட்டில் மட்டும் கிண்டல் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கொடி. ஹேண்டில்பாரில் ஒரு தேசியக்கொடி கட்டாமல் சுதந்திர தினச் சவாரியா என்று கை பரபரக்கும். பொறுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடிச் சட்டக்கோவை இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது: குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர் போன்ற குறிப்பிட்ட சிலருடைய வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்திலும் கொடியைப் பறக்கவிடக் கூடாது. சைக்கிளும் வாகனம்தான். ஆக, நீங்கள் ஆளுநராக இருந்தால் ஒழியக் கட்டாதீர்கள். காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அசைத்து முடித்ததும் தரையில் போடக்கூடாது. ஒரு கையில் கொடியும் மறு கையில் பிரேக்குமாக அக்கரை சிக்னலில் நிற்பது எப்படி என்பதற்கு அந்தக் கோவையில் வழி சொல்லப்படவில்லை. சட்டைப்பையில் குத்திக்கொள்வதுதான் உத்தமம்.

எந்தப் பக்கம் போவது? வடக்கே வேண்டாம். கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவார். 1974 வரை ஆளுநருக்கு இருந்த அந்த உரிமையைக் கருணாநிதி கேட்டு வாங்கினார். கொடியேற்றத்துக்காகக் கடற்கரைச் சாலைப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைதான் கதி. திருவான்மியூரில் தொடங்கினால் மாமல்லபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திரும்பி வருவதும் அதே தூரம்தான் என்ற செய்தி கோவளம் தாண்டிய பிறகே மூளைக்கு எட்டுகிறது. உத்தண்டிச் சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்கும் கார்களைப் பார்த்து அங்கே ஒருமுறை புன்னகைத்துக்கொள்ளலாம், அன்றைய நாளின் ஒரே வெற்றி அதுவாகக்கூட இருக்கலாம்.

உங்கள் சைக்கிளில் இருபத்தொரு கியர் இருக்கிறது. இந்தச் சாலை முழுக்கச் சமதளம். முட்டுக்காட்டுப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் மேடு. ஆகவே இருபது கியருக்கு அன்று நீங்கள் தந்திருப்பது சம்பளத்தோடு கூடிய விடுமுறை. இருந்தாலும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள். கடக் கடக்கென்று சத்தம் வந்தால்தான் விஷயம் தெரிந்தவர் என்று பின்னால் வருபவர் நினைப்பார்.

ஏழரை மணிவாக்கில் கானத்தூர்ப் பக்கம் ஒரு காட்சி உங்களுக்காகக் காத்திருக்கும். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில், பின்னால் கேரியரில் ஒருவன், முன்னால் கூடையில் இரண்டு பேருடைய செருப்பு, இஸ்திரி போட்ட சீருடை, பையில் குண்டூசியால் குத்திய கொடி என்று பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய்க்கொண்டிருப்பான். அவனுக்குக் கியர் கிடையாது, தண்ணீர்ப் புட்டி கிடையாது, இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் கிடையாது. கேரியரில் இருப்பவனோடு பேசிக்கொண்டே உங்களைத் தாண்டிப் போவான். துரத்தாதீர்கள். எட்டு மணிக்கு அங்கே மிட்டாய் கொடுப்பார்கள், அவனுக்கு அவசரம். நமக்கு என்ன அவசரம்? கடிகாரத்தைப் பார்ப்பதுபோல ஓரமாக நிறுத்திவிடுவதே நாகரிகம்.

வழியில் கேள்விகள் வரும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஒரு பங்களாக் காவலாளி, எதிர்த்திசையில் பழைய சைக்கிளில் வருகிறவர், உங்களைப் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்துவார்.

"எங்க சார், காலங்காத்தால?"

"மகாபலிபுரம்ணே."

"அங்க வேலையா?"

"வேலையெல்லாம் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா? பஸ்ஸு போவுதே சார்."

இந்த இடத்தில் உடல்நலம், கார்பன் புகை, ஐரோப்பிய நகரங்களில் சைக்கிளுக்கு உள்ள மரியாதை என்றெல்லாம் விளக்கத் தொடங்கினால் வெயில் ஏறிவிடும். ஒரே ஒரு பதில் போதும்: "டாக்டர் சொன்னாருண்ணே." உடனே அவர் முகம் கனிந்துவிடும். சர்க்கரையா, பிரஷரா என்று மட்டும் கேட்பார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நாய்கள் துரத்தினால் மிதித்துத் தப்ப முயல வேண்டாம், அவை தினமும் ஓடுகின்றன, நீங்கள் வருடத்தில் ஒரு நாள் ஓட்டுகிறீர்கள். இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும்.

பஞ்சருக்கு வருவோம். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நடக்கும். சாலையோரத்தில் டயரைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவீர்கள். சுதந்திர தினத்திலும் கடைக்காரர் கடையைத் திறந்திருப்பார், உங்களுக்கு மகிழ்ச்சி பொங்கும். அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு வால்வைப் பார்ப்பார். பிறகு உங்களைப் பார்ப்பார்.

"இன்னா சார் இது, ஊசியாட்டம்? இதுல எப்படிக் காத்தடிக்கிறது?"

உங்கள் அப்பா ஓட்டிய சைக்கிளில் பித்தளை வால்வும் அதற்குள் சின்ன ரப்பர் வால்டியூபும் இருந்தன. ராத்திரி லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடுங்கிக்கொண்டு போவார் என்று அப்பாக்கள் சொல்வார்களே, அதுதான். ஊரிலுள்ள அத்தனை பம்பும் அதற்குப் பொருந்தும். நீங்கள் வாங்கிய ஒல்லி டயர் வண்டியில் இருப்பது பிரெஸ்டா வால்வு. மெலிதானது. உச்சியிலுள்ள குட்டித் திருகை முதலில் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். தளர்த்தினாலும் தெருக்கடைப் பம்பின் வாய் அதில் உட்காராது. "ஒட்டிக் குடுத்துடுவேன் சார், ஆனா காத்து ஏத்தினாத்தானே எங்க ஓட்டைன்னே தெரியும்?" என்பார் கடைக்காரர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்கு மருந்து, விரல்நுனி அளவில் ஒரு பித்தளை மாற்றி. பிரெஸ்டா மேல் அதைத் திருகி மாட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயே போதும். சைக்கிளுக்கு ஐம்பதாயிரம் கொடுத்தவர்கள் இதை மட்டும் வாங்குவதில்லை. வாங்கி, சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள். பிறகு கடைக்காரர் டியூபை வெளியே எடுப்பார். காற்றடித்து, கறுத்த தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அப்படியே வைத்துவிட்டு பீடி பற்றவைப்பார். "சீக்கிரம்ணே" என்று அவசரப்படுத்தாதீர்கள். சொல்யூஷன் காய்ந்த பிறகு ஒட்டினால்தான் பேட்ச் நிற்கும், பீடியின் நீளம் அனுபவத்தில் வந்த அளவு. கடைசியாக டயரின் உட்புறத்தை விரலால் வழித்துப் பார்ப்பார், முள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தானே பஞ்சர் ஒட்டும் கெட்டிக்காரர்கள் மறப்பது இதைத்தான். அதனால்தான் அவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு பஞ்சர்.

முட்டுக்காட்டில் திரும்பிவிடுங்கள் என்பது என் தாழ்மையான தீர்ப்பு. திருவான்மியூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் வரும். பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். படம் நன்றாக விழும். ஒன்பது மணிக்கு மேல் சென்னையே காரில் ஏறி மாமல்லபுரம் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு அந்தச் சாலை சைக்கிள்காரனுடையதல்ல. அர்ச்சுனன் தபசைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் வேலைநாளில் பேருந்தில் போய்ப் பாருங்கள். ஆயிரத்து முந்நூறு வருடமாக அங்கேதான் இருக்கிறது, ஓடிவிடாது. ஆகஸ்டில் காலைக் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்துதான், திரும்பும்போது லேசாகத் தள்ளிவிடும். இந்த உதவியை வெளியில் சொல்ல வேண்டாம்.

காலை உணவு பற்றி எழுதினால் நீளும். பொங்கல், வடை, அதன் மேல் ஒரு மசால் தோசை, ஃபில்டர் காபி. கரைத்ததும் சேர்த்ததும் சரியாகிவிடும், கடன் இல்லாமல் வீடு திரும்பலாம்.

வீட்டு வாசலுக்கு வந்ததும், பயணத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியை நிறுத்த மறக்காதீர்கள். மறந்தால் நீங்கள் மின்தூக்கியில் ஏறியதும் அதில் பதிவாகும். செல்போனில் சார்ஜ் தீர்ந்து பாதியில் அணைந்திருந்தால் இன்னும் கஷ்டம், அந்தப் பயணமே நடக்கவில்லை. மாமனார் ஹாலில் உட்கார்ந்திருந்தால், ஒரு மூட்டை நெல்லோடு அவர் தினமும் எத்தனை மைல் மிதித்தார் என்பதைக் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும். குறுக்கே பேசாதீர்கள். உங்களால் அப்போது நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது, சுவரில் சாய்ந்துகொண்டு தலையாட்டுங்கள்.

மறுநாள் 16-ஆம் தேதி. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் தொடை பெயர் சொல்லிக் கூப்பிடும். தள்ளாடிக் கதவைத் திறந்து வாசலைப் பார்த்தால் பேப்பர் இருக்காது. பல நாளிதழ் அலுவலகங்களுக்கு 15-ஆம் தேதி விடுமுறை, அதனால் 16-ஆம் தேதி இதழ் வருவதில்லை. நீங்கள் பெருமையாக மிதித்துக்கொண்டிருந்த அதே விடியற்காலையில் பேப்பர் போடும் பையனும் சைக்கிளில்தான் இருந்தான், உங்கள் தெருவில் மூன்று மாடிக் கட்டடங்களுக்கு எறிந்துகொண்டு. அவனுக்குச் சுதந்திரம் ஒரு நாள் தாமதமாகத்தான் கிடைக்கிறது. போன் போட்டு "ஏன் பேப்பர் வரலை" என்று சத்தம் போடாதீர்கள், தூங்கட்டும்.